பச்சை வீட்டில் வேலை யாருக்கு?

(சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பசுமை வாழ்க்கை, குடும்ப நலம் இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். கூட்டம் மாலை ஆறரைக்கு. மேடையிலிருந்து பார்க்கிறேன், நாற்காலிகளில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். வீட்டைப் பற்றிய பேச்சு. வீட்டு வேலை செய்கிறவர்களுக்குத்தான் வர நேரமில்லை. பிள்ளைக்கு வீட்டுப்பாடம், காலைக்கு அரைக்க வேண்டிய மாவு, அடுப்பில் குக்கர். ஆகவே வந்திருப்பவர்களிடமே பேசிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு வீடு பசுமைக்கு மாறும்போது அந்த வீட்டில் புதிதாக வேலை முளைக்கிறது. துணிப்பை என்றால் துவைக்க வேண்டும். குப்பையைப் பிரிப்பது என்றால் பால் கவரைக் கழுவிக் காயப்போட வேண்டும். சிறுதானியம் என்றால் கல் பொறுக்கி, களைந்து, ஊறவைக்க வேண்டும். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்கின்றன. திரும்புகிற வழியில் மூட்டையைச் சுமப்பது யார் என்று மட்டும் கேட்பதில்லை.

இது என் மனக்குறை அல்ல, அரசாங்கக் கணக்கே இருக்கிறது. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். கவனியுங்கள், இந்த 88 நிமிடம் கொஞ்சமாவது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. ஒன்றுமே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 2019இல் எடுத்த முதல் ஆய்வில் இதே எண்கள் 299, 97. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது, சந்தோஷம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. அது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் எழுந்து, "எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் தானா நடந்துச்சு" என்பார். தானாக ஒன்றும் நடக்கவில்லை ஐயா, பாட்டி நடத்தினாள். அந்தச் சமையலறையில் பிளாஸ்டிக் இல்லை, உண்மை. விறகுப் புகை இருந்தது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, நாற்பது வயதிலேயே இருமிக்கொண்டிருந்த பெண்களும் இருந்தார்கள். விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தேங்காய் நாரும் சாம்பலும் பாத்திரம் தேய்க்கப் போயின, மாட்டுக்குக் கழுநீர் போயிற்று, எல்லாம் அழகுதான். தெருவின் கழிவை யார் எந்தச் சாதியின் பெயரால் அள்ளினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அழகு முழுமையாகும்.

அந்தச் சமையலறையின் சுமையைக் குறைத்த ஒரு கருவியைச் சொல்கிறேன். கோவையில் 1955 வாக்கில் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார்கள். அதைச் செய்தவர் சபாபதி என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், தமிழ்க் குடும்ப நலத்துக்கு அதைவிடப் பெரிய தொண்டு செய்த கருவிகள் குறைவு. ஆட்டுக்கல்லில் அரைத்தால் தோளுக்கு நல்ல உடற்பயிற்சி என்று இன்றைக்குச் சிலர் எழுதுகிறார்கள். நல்லது. எழுதுகிறவரே வாரம் இரண்டு முறை உட்கார்ந்து அரைக்கட்டும்.

சரி, கடைக்குப் போவோம். இப்போது பசுமை என்பது ஒரு சரக்கு. மூங்கில் பல்துலக்கி, செம்புக் குடுவை, கோரைப்பாய், 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட பருப்பு. அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று நினைக்காதீர்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது. பொட்டலமாக வரும் இயற்கை விளைபொருளில் அரசு அங்கீகரித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுப்பது பச்சை மைக்கு.

பையை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. நல்ல காரியம். ஊரிலிருந்து மஞ்சப்பையோடு வந்திறங்குகிறவனைச் சினிமாவில் கேலி செய்த காலம் போய், அந்தப் பையே ஒரு கொள்கையாகிவிட்டது. ஆனால் நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப்பை, மாநாட்டுக்கு மாநாடு ஒரு பை, துணிக்கடையில் ஒன்று. ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் ஒரு கணக்குப் போட்டது: பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும், எல்லாவிதச் சூழல் பாதிப்புகளையும் பார்த்தால் 7,100 தடவை. அதற்காக பிளாஸ்டிக் பையே மேல் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். தெருவில் பறந்து மழைநீர் வடிகாலை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் அந்தக் கணக்கில் இல்லை. நம் ஊரில் அதுதான் பெரிய கணக்கு. நான் சொல்வது, பையை வாங்குவதில் பசுமை ஒன்றும் இல்லை. பத்து வருஷம் கிழியாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. கிழிந்தால் தைப்பதில் இருக்கிறது. தைப்பது ஒரு வேலை. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த ஆண்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... பரவாயில்லை, நான் நினைத்ததைவிட அதிகம்.

அடுத்தது குப்பை. எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் சங்கக் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டார்கள்: ஒன்றாம் தேதியிலிருந்து எல்லா வீட்டிலும் மூன்று வாளி. பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது, சிவப்பில் பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து மாதிரியானவை. தீர்மானம் போட்டவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஆண்கள். ஒன்றாம் தேதி காலையில் செயலாளர் வீட்டில் நடந்ததை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வேலைக்கு வரும் அம்மா கேட்டிருக்கிறார்:

"சார், பால் கவர் எதுல போடறது?"

"மக்காத குப்பைதானேம்மா, நீலத்துல போடுங்க."

"கழுவிட்டா, அப்படியேவா?"

செயலாளர் உள்ளே திரும்பி, "ஏம்மா, கவரைக் கழுவணுமா?" என்று மனைவியைக் கேட்டாராம்.

கழுவ வேண்டும். கழுவாத பால் கவர் ஒரே நாளில் நாறிவிடும், பழைய பொருள் கடைக்காரர் தொடமாட்டார். கழுவிக் காயவைத்தால் எடைக்கு வாங்கிக்கொள்வார். இன்னொன்று, கவரின் மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் தனியாக வெட்டி எடுக்காதீர்கள். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டிப் பாலை ஊற்றுங்கள். தனியாக விழுந்த துணுக்கை யாராலும் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப முடியாது, அது நேரே சாக்கடைக்குத்தான் போகும். இது தீர்மானத்தில் எழுதுகிற விஷயமில்லை. பாலைக் காய்ச்சுகிற கைக்குத்தான் தெரியும்.

பிரிக்காமல் போட்டால் என்ன ஆகும்? தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கும் வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும் போய்ப் பல பத்தாண்டுகளாகக் குவிந்தது. சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டபடியே போகின்றன. காற்றுப்படாமல் அழுகினால் அதிலிருந்து மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு. தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒட்டினாற்போல் இருக்கிறது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதே ஆண்டில்தான் அது உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் உலக அங்கீகாரம், இன்னொரு பக்கம் நம் வீட்டுச் சாம்பார் மிச்சம். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் மூச்சிழுத்த குழந்தைகளுக்கும் நாம் போட்ட முடிச்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

குப்பையைப் பற்றிப் பேசிவிட்டு அதை வாங்கிக்கொள்கிற கையைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. உடைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள். நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். தூய்மைப் பணியாளர் கையால்தான் பிரிக்கிறார். அவருக்கும் குடும்ப நலம் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் மையம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. உலகச் சராசரி 79 கிலோ. நாம் பரவாயில்லை என்று மார்தட்டிக்கொள்ளலாம். எப்படிப் பரவாயில்லை? ராத்திரி பத்து மணிக்கு நம் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தாயிற்று. குண்டானில் ஒரு பிடி சோறு, அடியில் கொஞ்சம் குழம்பு, சின்னவன் தட்டில் பாதி தோசை. அம்மா நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிடுகிறாள். பசியே இல்லாவிட்டாலும் சாப்பிடுகிறாள். "எதுக்கு வீணாப் போகணும்?" என்கிறாள். இன்னொரு நாள் எதிர்பாராமல் இரண்டு பேர் கூட வந்துவிட்டால், அன்றைக்கு அவளுக்கு ரசமும் மோரும். கூட்டுக்கும் பொரியலுக்கும் வாய்ப்பில்லை. மிஞ்சினாலும் அவள், குறைந்தாலும் அவள். வீணாகாத வீடு என்று நாம் பெருமைப்படுவதன் பாதிச் செலவு அவள் உடம்பிலிருந்து போகிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் நூற்றுக்கு 40 பேருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். இரண்டும் ஒரே மாநிலத்தில், பல வீடுகளில் ஒரே உடம்பில். இதெல்லாம் மிஞ்சிய சோற்றால் வந்தது என்று சொல்லமாட்டேன், காரணங்கள் பல. ஆனால் சோறு மட்டும் நிறைய, கீரையும் பருப்பும் முட்டையும் கடைசியில் இருந்தால் உண்டு என்று சாப்பிடுகிற உடம்பில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதில் வியப்பு இல்லை. இதற்கு மருந்துக்கடைக்குப் போகும் முன் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஆறிப்போனாலும் பரவாயில்லை, தோசையை முதலில் எல்லோருக்கும் சுட்டு வைத்துவிட்டு ஒன்றாக உட்காருங்கள். மிஞ்சியதை யார் சாப்பிடுவது என்பதை முறைபோட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. அதை அப்பாவும் சாப்பிடலாம், தடை ஒன்றும் இல்லை. இன்னொரு சின்ன விஷயம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். கீரையில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் நேர்மாறாக உதவும்.

அடுத்து, கொசு. மழைக்காலம் வந்தால் மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திச் சுருளை ஏற்றுகிறோம். சாத்திய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிகரெட்டை வெளியே போய்ப் பிடியுங்கள் என்று விரட்டுகிற வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் சுருள் புகைகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. ராத்திரிச் சுருள் அதற்குப் பெரிதாகப் பயன்படாது. அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, எல்லாம் அதற்குப் பிரசவ அறை. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஆகவே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம். ஃபிரிட்ஜை நகர்த்துவதும் மொட்டைமாடித் தொட்டியில் ஏறிப் பார்ப்பதும் ஆண்கள் வேலை என்று நான் வகுத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த 88 நிமிடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம். ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்கப் பல இயந்திரங்கள் இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக வெளியே விடுகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கருவி என்றால் நமக்குப் பிடிக்குமே, வாங்கி அளந்து பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீர் 500க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. ஆனால் கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் காட்டாது. அதற்குக் கொதிக்கவைப்பதே போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்க்காரர்கள் இயந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு ஏறிவிடும்.

கடைசியாக, உரம் போடும் பானை. நுழைவாயில் பக்கம் ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறேன், வரும்போதே சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தீர்கள். நாற்றம் இல்லை, இல்லையா?

சுற்றிலும் ஓட்டை போட்ட மண்பானை. அடியில் காய்ந்த இலையோ தேங்காய்நார்த் தூளோ ஒரு சாண் உயரத்துக்கு. அன்றாடக் காய்கறித் தோல், வடிகட்டிய டீத்தூள், வாழைப்பழத் தோல், வாடிய பூ போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்ததைத் தூவி மூட வேண்டும். ஈரக்குப்பை ஒரு பங்கு என்றால் காய்ந்தது ஏறத்தாழ ஒரு பங்கு. தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேகம் பிடிக்கும். மீன் முள்ளும் இறைச்சியும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் போட வேண்டாம், எலி வரும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கிளற வேண்டும், காற்று போனால்தான் மீத்தேன் இல்லாமல் மக்கும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள். உதிர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளையாகத் தடித்த புழு வந்தால் அலற வேண்டாம். பெரும்பாலும் அது கருப்புப் படை ஈ என்கிற ஈயின் புழுவாகத்தான் இருக்கும், கடிக்காது, நோய் பரப்பாது, நம்மைவிட வேகமாக வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். பானை நிறைந்தபின் ஒதுக்கி வைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் மாதிரி மணக்கும்.

பலர் வீட்டில் இந்தப் பானை மூன்றாம் வாரத்தில் நின்றுபோகிறது. விசாரித்தால் கதை ஒன்றுதான். ஐயா ஆர்வமாக வாங்கி வந்திருப்பார், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருப்பார். தோலை நறுக்கிப் போடுவதும் கிளறுவதும் புழு வந்தால் சமாளிப்பதும் அம்மா தலையில். அவளுக்கு ஏற்கெனவே 289 நிமிடம். பானை நின்றதற்கு அவளைத்தான் குறையும் சொல்லியிருப்பார்கள். நிற்காமல் ஓடுகிற வீடுகளை நான் பார்த்தவரையில் பானைக்கென்று ஓர் ஆள் இருக்கிறார். அவர் சமைக்கிறவர் இல்லை. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற மாமனார். இன்னொரு வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன், பானையைப் பார்த்துக்கொள்வதற்காக அவனுக்குக் கடைக்குப் போகும் வேலையிலிருந்து விடுப்பு.

பானையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், பக்கத்தில் சோப்பும் தண்ணீரும் இருக்கின்றன. அதற்குமுன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஏழரைக்குள் முடித்துவிடுவோம், உங்களில் சிலருக்கு வீட்டில் வேலை இருக்கும்.